மேல்முறையீட்டில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் எர்ணாவூரில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் மணலி யார்டிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி எண்ணூர் விரைவுச் சாலையில் விபத்து. வலது முழங்கால் நொறுங்கி, பிளேட் வைத்தும் மடக்க வரவில்லை. அப்போது அவருக்கு 40 முடிந்து 41 நடந்துகொண்டிருந்தது. தேனாம்பேட்டை தொழிலாளர் துணை ஆணையரிடம் வழக்குப் போட்டோம். சம்பளம் ரூ. 18,000, சம்பாதிக்கும் திறன் இழப்பு 60 சதவீதம் என்று எடுத்து, 2024 ஏப்ரலில் ரூ. 11,93,422 கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முப்பது நாளில் கட்டாவிட்டால்தான் வட்டி என்று அதில் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மே 14-ஆம் தேதி முழுப் பணத்தையும் கட்டிவிட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வட்டி கேட்டு எங்கள் வக்கீலும் ஒரு மேல்முறையீடு போட்டார். நடுவில் பாதிப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எடுத்து, கடனை அடைத்துவிட்டோம்.

இப்போது தீர்ப்பு வந்துவிட்டது. சம்பளம் ரூ. 15,000-தான் என்று குறைத்து, 60 சதவீதத்தைத் தொடாமல், விபத்து நடந்து ஒரு மாதம் கழிந்த நாளிலிருந்து 12 சதவீத வட்டி போட்டிருக்கிறார்கள். கம்பெனியோ ரூ. 1,98,904 அதிகமாகக் கட்டிவிட்டோம், திருப்பிக் கொடுங்கள் என்று மனுப் போட்டிருக்கிறது. நாங்கள் எடுத்த பணத்தில் கை வைப்பார்களா? லாரி ஓனர் வேறு, தான் கொடுத்த ரூ. 40,000 முன்பணத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தையும் இதில் கழிக்க வேண்டும் என்கிறார். கால் இப்போது முன்னைவிட மோசம். சதவீதத்தைக் கூட்டிக் கேட்க வழி உண்டா?

பதில்:

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. நீங்கள் ஒரு பைசா திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகளை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனிதான் இன்னும் சுமார் ரூ. 1,79,000 கட்ட வேண்டியிருக்கிறது. தீர்ப்பில் தொகையைக் குறைத்த பாதியை மட்டும் படித்துவிட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். மறுபாதியை அவர்கள் படிக்கவில்லையா, படித்தும் விட்டுவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தேனாம்பேட்டையில் இந்த மாதிரி மனு புதிதில்லை. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அப்படியே பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி நிரந்தர ஊனத்துக்கான தொகை மூன்று எண்களிலிருந்து வருகிறது. மாதச் சம்பளம், வயதுக்கான காரணி, சம்பாதிக்கும் திறன் இழப்பு. சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அந்த வயதுக்கு நேராக இருக்கும் காரணியால் பெருக்கினால், முழு ஊனத்துக்கான தொகை கிடைக்கும். பகுதி ஊனம் என்றால் அதில் எத்தனை சதவீதமோ அத்தனை. உங்கள் வழக்கில் 60 என்ற எண் இரண்டு தடவை வருவதால் குழப்பம் வரலாம். முதல் 60 சட்டத்தில் உள்ளது, ஊனமுற்ற எல்லோருக்கும் பொது. இரண்டாவது 60 உங்கள் வீட்டுக்காரரின் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று ஆணையர் எடுத்தது.

ஆணையர் போட்ட கணக்கு இது: 18,000-இல் 60 சதவீதம் 10,800. நாற்பது வயதுக்குக் காரணி 184.17. பெருக்கினால் 19,89,036. அதில் 60 சதவீதம் ரூ. 11,93,422. உயர் நீதிமன்றம் சம்பளத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. அதில் 60 சதவீதம் ரூ. 9,94,518. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பெனி கேட்கும் ரூ. 1,98,904.

சம்பளத்தைக் குறைத்தது சரியா என்று கேட்டால், அதில் சண்டை போடுவதில் பயனில்லை என்பேன். அவர் நிஜமாகவே பதினெட்டாயிரம் வாங்கியிருக்கலாம், பேட்டா சேர்த்தால் அதற்கு மேலும் இருந்திருக்கும். ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்குக்கு எடுக்க வேண்டிய மாதச் சம்பளத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. 2010 மே 31 முதல் அது ரூ. 8,000. 2020 ஜனவரி 3 முதல் ரூ. 15,000. விபத்து நடந்த தேதியில் எந்தத் தொகை அமலில் இருந்ததோ அதுதான் கணக்கு. பின்னால் கூடினாலும் பழைய விபத்துக்கு அது ஒட்டாது என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லிவிட்டது. அதில் ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு, 2020 பிப்ரவரியில் தீர்ப்பானது. இதே விபத்து 2019 டிசம்பரில் நடந்திருந்தால் 15,000 இருக்கும் இடத்தில் 8,000 இருந்திருக்கும். அந்த வகையில் உங்களுக்குத் தேதி கை கொடுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தைப் பற்றி யாராவது சொல்லிக் குழப்பினாலும் கவலை வேண்டாம். 2021 விபத்துக்குப் பழைய சட்டம்தான்.

இனி வட்டி. கம்பெனி தாண்டிப்போன இடம் இதுதான், உங்கள் பணம் இருப்பதும் இங்கேதான்.

இழப்பீடு எப்போது கொடுக்க வேண்டிய பணமாகிறது? ஆணையர் உத்தரவு போட்ட நாளில் இல்லை, விபத்து நடந்த நாளிலேயே. இதை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, 2012-இல் திரும்பவும் உறுதி செய்தது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்கிறது சட்டத்தின் 4ஏ பிரிவு. இவ்வளவு தெளிவாக இருந்தும், உத்தரவு போட்டு முப்பது நாள் ஆன பிறகுதான் வட்டி என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. வழக்கு இழுத்த மூன்று வருடமும் வட்டியில்லாக் கடன் மாதிரி அந்தப் பணம் கம்பெனி கையிலேயே இருந்துவிடுகிறது. உங்கள் வக்கீல் அதை விடாமல் தனி மேல்முறையீடு போட்டாரே, அவருக்கு நன்றி சொல்லுங்கள். பல வக்கீல்கள் எதிராளி போட்ட மேல்முறையீட்டுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படி விட்டிருந்தால் இன்று ரூ. 1,98,904 உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

ரூ. 9,94,518-க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு ரூ. 1,19,342, மாதத்துக்கு ரூ. 9,945. வட்டி 2021 மார்ச் 14-இல் தொடங்குகிறது. கம்பெனி பணம் கட்டியது 2024 மே 14. நடுவில் 38 மாதம். வட்டி ரூ. 3,77,917. வட்டிக்கு வட்டி கிடையாது, தனி வட்டிதான். அசலும் வட்டியும் சேர்த்து ரூ. 13,72,435. கட்டியிருப்பது ரூ. 11,93,422. மீதி ரூ. 1,79,013. நாள் கணக்கில் போட்டால் சில நூறு ரூபாய் அப்படி இப்படி மாறலாம், அவ்வளவுதான்.

நீங்கள் ஏற்கனவே எடுத்த பாதி ரூ. 5,96,711. அதே அளவு இன்னொரு பாதி ஆணையரின் கணக்கில் இருக்கிறது. அதோடு மேலே சொன்ன மீதியையும் சேர்த்தால், இன்னும் உங்களுக்கு வர வேண்டியது ரூ. 7,75,724. அந்த மீதிக்கு 2024 மே 14-க்குப் பிறகும் வட்டி கேட்க நியாயம் இருக்கிறது. கட்டிய பணம் முதலில் வட்டிக்கும் பிறகு அசலுக்கும் போகும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை. அப்படிப் பார்த்தால் அசலில்தான் பாக்கி நிற்கிறது. இதை மனுவில் எழுதச் சொல்லுங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும், எழுதாமல் விட்டால் நிச்சயம் கிடைக்காது. அப்புறம், ஆணையர் அலுவலகத்தில் இருந்த பாதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் அந்த வங்கி வட்டியும் உங்கள் பணத்தோடு சேர்ந்து வர வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். கம்பெனி மனுவுக்கு உங்கள் வக்கீல் எதிருரை தாக்கல் செய்யட்டும், கூடவே ஒரே பக்கத்தில் கணக்குத் தாளும் இருக்கட்டும். சம்பளம், காரணி, சதவீதம், வட்டி தொடங்கும் நாள், டெபாசிட் செய்த நாள், கட்டியது, பாக்கி என்று வரிசையாக இருந்தால் போதும். ஆணையரின் மேஜையில் கட்டுக் கட்டாகக் கோப்புகள் இருக்கும், பத்துப் பக்கம் வாதத்தைவிட இந்த ஒரு தாள்தான் வேலை செய்யும். தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் அவரிடம் காட்டச் சொல்லுங்கள். புதுக் கணக்குப்படி அதிகமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். புதுக் கணக்கில் வட்டியும் உண்டு. அதிகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. அதே நாளில் மீதித் தொகையைக் கட்ட உத்தரவிடக் கோரி உங்கள் தரப்பிலும் மனுப் போட்டுவிடுங்கள். அதன் பிறகும் கட்டாவிட்டால் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் அந்த அளவுக்குப் போக விடமாட்டார்கள், பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்.

கம்பெனி தரும் கணக்குத் தாளில் வயதுக் காரணியை ஒரு தடவை சரிபாருங்கள். ஓடும் வயதைப் போட்டு 41-க்கான 181.37-ஐ எழுதிவிடுவது உண்டு. முடிந்த வயதைத்தான் எடுக்க வேண்டும், உங்களுக்கு 40. காரணியில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் உங்கள் கணக்கில் அது ரூ. 15,120, வட்டி தனி. ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பிறந்த தேதியே போதுமான சான்று.

லாரி ஓனர் விஷயத்துக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்த இழப்பீட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது, அடமானம் வாங்க முடியாது, வேறு கடனுக்கு ஈடாகக் கழிக்கவும் முடியாது. முன்பணம் நாற்பதாயிரம் அவருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள தனிக் கடன். கேட்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணமும் கழிவில் வராது. சிகிச்சைக்காக முதலாளி கொடுத்தது இழப்பீடு ஆகாது என்று 4-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சொல்லப்போனால் வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைத் தர வேண்டியவரே அவர்தான். நீங்கள் கைக்காசு போட்டு வாங்கிய மருந்துக்கான பில்கள் இருந்து, அவற்றை ஆணையர் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஓனருக்குத்தான் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நியாயமான காரணமில்லாமல் தாமதம் செய்ததற்கு, தொகையில் பாதி வரைக்கும் அபராதம் போட ஆணையருக்கு அதிகாரம் உண்டு. வட்டியைக் கம்பெனி கட்டும், ஆனால் அபராதம் முதலாளியின் பையிலிருந்துதான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் உத்தரவில் அபராதம் இல்லை என்பதால் நான் இப்போது அதைக் கிளறச் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்பணம் கேட்டு மறுபடி வீட்டுக்கு வந்தால், அப்படி ஒரு பிரிவு இருப்பதை அவர் காதில் போட்டுவைக்கலாம்.

கடைசியாக, சதவீதம். இதில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்கால் மடங்காத ஒருவர் டிரெய்லர் பிரேக்கை மிதிக்க முடியாது. கனரக உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். ஓட்டுநர் என்ற முறையில் அவருடைய பிழைப்பு நூற்றுக்கு நூறு போய்விட்டது என்று வாதாட இடமிருந்தது. நான் மேலே சொன்ன 1975 வழக்கே அதுதான். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் இழப்பு முழுமையானது என்று ஆணையர் எடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டாக்டர் சொல்லும் ஊனத்தின் அளவு வேறு, அந்த ஊனத்தால் அந்த மனிதரின் வேலை எவ்வளவு போனது என்பது வேறு. இந்தச் சட்டம் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ஆணையரின் விசாரணை. டாக்டரைக் கூண்டில் ஏற்றியபோது, இவரால் இனி கனரக வாகனம் ஓட்ட முடியுமா என்று கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த கடிதம் இருந்தால் அதைச் சான்று ஆவணமாகக் குறியிட்டிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு இந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் சட்டக் கேள்வி இருந்தால்தான் தலையிட முடியும். சதவீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பொதுவாக அதற்குள் வராது. ஆணையர் சாட்சியத்தைப் பார்த்து எடுத்த சதவீதத்தை உயர் நீதிமன்றம் மறுபடி எடைபோடக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதி உங்களுக்கும் இந்தத் தடவை உதவியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒருவேளை மருத்துவச் சான்றில் 45 சதவீதமோ 50 சதவீதமோதான் ஊனம் என்று இருந்து, கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருந்தால், அப்போதும் 60 அசையாமல் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

கால் பிறகு மோசமானால் மறுபரிசீலனை உண்டா? தற்காலிக ஊனத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் தொகையைத்தான் 6-ஆம் பிரிவில் மறுபடி பார்க்க முடியும். மொத்தமாகத் தீர்மானித்த தொகையை, கால் மோசமாகிவிட்டது என்பதற்காகத் திறக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், செலவையும் உங்கள் பாக்கியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் போகச் சொல்லமாட்டேன். கையில் இருக்கும் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானது. அதைப் பணமாக்குவதில் முனைப்பாக இருங்கள்.

இந்தப் பதிலை அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இ.எஸ்.ஐ.யில் மொத்தத் தொகைக்குப் பதிலாக மாதாமாதம் ஊனப் பயன் வரும். சதவீதத்தை மருத்துவ வாரியம் தீர்மானிக்கும். அது குறைவு என்று பட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ நேராக ஊழியர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். அங்கே காயம் பிற்பாடு கணிசமாக மோசமானால் வாரியமே தன் முடிவைத் திரும்பப் பார்க்க முடியும்.

எர்ணாவூர் அம்மாவுக்கு: கம்பெனி மனுவின் அடுத்த வாய்தா என்றைக்கு என்று கடிதத்தில் எழுதவில்லை. அதை இன்றே வக்கீலிடம் கேளுங்கள். அந்த நாளில் உங்கள் தரப்பில் யாரும் இல்லாவிட்டால், இரண்டு லட்சத்துக்குக் கிட்ட ஒரே வரி உத்தரவில் வெளியே போய்விடும். அதைத் திரும்ப வரவழைக்க மறுபடி பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.